இடுப்பில் ஒரு விரல்

எடை மெஷின் அன்றைக்கும் அதே எண்ணைத்தான் காட்டியது. கிரேன்காரர் கீழே இறங்கி, மெஷினைச் சுவரோரமாக நகர்த்தி, மறுபடி ஏறினார். அதே எண். பாத்ரூம் தரை வாட்டமாகப் போட்டது, அதனால் இருக்கும் என்று ஹாலுக்குத் தூக்கி வந்து ஜன்னலடியில் வைத்து ஏறினார். இப்போது கொஞ்சம் கூடவே காட்டியது. கையில் பல் தேய்க்கும் பிரஷ் இருப்பதைப் பார்த்து, பழியை அதன் தலையில் போட்டார்.

"என்னங்க, எவ்வளவு?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"இறங்கியிருக்கு."

"எவ்வளவு இறங்கியிருக்கு?"

"நல்லாவே."

ஒரு மாதமாக அவருடைய எடை இப்படித்தான் நல்லாவே இறங்கிக்கொண்டிருந்தது. வாயால் இறக்குவதில் என்ன கஷ்டம் இருக்கிறது.

மனுஷர் பொய் சொல்லிப் பழகியவர் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆள் நடமாடும் இடத்துக்கு மேலே ஒரு வீட்டளவு பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதைப் பூப்போல இறக்கி வைக்கிற வேலை. காற்று அடங்கட்டும் என்று அரை நாள்கூட அசையாமல் காத்திருப்பார். அப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு காலையில் ஏணி ஏறி, கேபினின் அடியில் இருக்கும் சதுர வாசலுக்குள் நுழையும்போது பாதியில் நின்றுவிட்டார். தலையும் தோளும் உள்ளே, இடுப்பும் காலும் வெளியே. மேலே இருந்து ஒருவர் இழுக்க, கீழே இருந்து இருவர் தள்ள, துறைமுகமே கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது. கப்பலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள் என்று பிற்பாடு ஒரு பேச்சு கிளம்பியது. அது சுத்தப் பொய். விசில்தான் அடித்தார்கள்.

அன்றோடு அவரை ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்தால் துடைத்து வைக்க வேண்டும். யார் துணையும் இல்லாமல் ஏணி ஏறி, அந்த வாசலில் நுழைந்து, சீட் பெல்ட்டை மாட்டிக் காட்டும் நாளில் கிரேன் மறுபடி அவருக்கு. அதுவரை வேறொருவர் அதை ஓட்டினார். அவர் பெட்டியை இறக்கும் ஒவ்வொரு தடவையும் தடால் என்று சத்தம் கேட்கும். ஸ்டோரில் இருந்தபடி அதைக் கேட்கும்போது, தான் வளர்த்த பிள்ளையை யாரோ அடிப்பதுபோல அவருக்கு இருக்கும்.

அதற்காகத்தான் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டார். மனைவிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. நல்லா இருக்கிற வயிற்றைப் போய் யாராவது வெட்டிக்கொள்வார்களா, நடங்க, வாயைக் கட்டுங்க என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இவர் கேட்கவில்லை. ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி நடையில் அவள் அழுத அழுகையை, மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் வந்து இவரிடம் சொன்னாள்.

முதல் சில மாதங்கள் எடை கரைந்த கரைசலைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது. பழைய யூனிஃபார்ம் தொளதொளத்துப் போய், ஸ்டோரில் கிரீஸ் துடைக்கும் துணியாயிற்று. கம்பெனி புது அளவில் இரண்டு பேண்ட் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு, பயிற்சிக்காகத் தரையில் வைத்திருக்கும் மாதிரிக் கேபினில் யாரும் பார்க்காத நேரம் நுழைந்து பார்த்தார். இடுப்பு விளிம்பில் உரசி நின்றது. இன்னும் இரண்டு விரல் குறைந்தால் போதும், வழுக்கிக்கொண்டு போய்விடலாம்.

அந்த இரண்டு விரலுக்கு முன்னால்தான் மெஷின் நின்றுவிட்டது. டாக்டரிடம் ஓடினார். டாக்டருக்கு இதெல்லாம் தினம் கேட்கிற புகார். "மெஷின் நிக்கும். உடம்பு உள்ள வேலை பாத்துட்டுத்தான் இருக்கும். பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கிண்ணத்தில் கால் பங்கு சூப்பை அரை மணி நேரம் குடிப்பவனிடம் இதற்கு மேல் என்ன பொறுமையை எதிர்பார்க்கிறார்கள் என்று இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெட்டியது வீண் என்று மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது? அதனால்தான் இந்த 'நல்லாவே'.

ஆனால் அவள் தபால் ஆபீசில் பார்சல் கவுண்டரில் இருப்பவள். எடை விஷயத்தில் அவளுக்குக் காது குத்துவது லேசில்லை. ஒரு நாள் பேண்டை மடித்துக்கொண்டே, "இவ்வளவு இறங்கினா பேண்ட் லூசாகணுமே" என்றாள்.

"ஆயிடுச்சே. டெய்லர்கிட்ட கொடுத்துப் பிடிக்கப் போறேன்."

சொல்லிய வாய்க்காகச் செய்தே ஆக வேண்டும். யூனிஃபார்ம் பேண்டில் பெல்ட் கிடையாது, ஓடுகிற இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று முன்னால் இரண்டு கொக்கி மட்டும் வைத்திருப்பார்கள். வீட்டில் போடுவதோ எலாஸ்டிக் பைஜாமா, அது யாருக்கும் உண்மையைச் சொல்லாத ஜாதி. விடுமுறை நாள் காலையில் இரண்டு பேண்டையும் எடுத்துக்கொண்டு தெருமுனை டெய்லரிடம் போனார். டெய்லர் அதிகம் பேசாத ஆள். பேச நினைத்தாலும் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். இடுப்பில் ஒரு விரல் பிடிக்க வேண்டும் என்று கேட்டதும், அவர் பேண்டைப் பார்த்தார், இவர் வயிற்றைப் பார்த்தார், இறுக்கிப் பிடிக்குமே என்றார். பிடிக்கட்டும், வீட்டில் கேட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கிரேன்காரர் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பேண்டை, ஒரு விரல் குறைந்திருக்குமே என்ற பயத்திலேயே மூச்சை அடக்கிக்கொண்டு மாட்டினார். கொக்கி விழுந்தது. அதன் பிறகு மூச்சை விடுவதா வேண்டாமா என்பதே அன்றைய பிரச்சினை. ஸ்டோரில் குனியப் பயந்து, கீழ்த்தட்டில் இருக்கும் சாமான்களை எல்லாம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். விறைப்பாக நடந்ததைப் பார்த்த சூப்பர்வைசர், முதுகு பிடித்துக்கொண்டது என்று நினைத்து முதலுதவி அறைக்கு அனுப்பினார். அங்கே ஒருவர் இவரைக் குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்தார். வலி இல்லாத முதுகு அதற்குப் பிறகுதான் வலிக்க ஆரம்பித்தது.

ஆனால் சில நாளில் ஒரு அதிசயம். இடுப்பில் கை வைத்தால் விரல் உள்ளே போயிற்று. டெய்லர் பிடித்த பேண்ட் லூசாகிறதென்றால் உடம்பு இளைக்கிறது என்றுதானே அர்த்தம்! ஓடிப்போய் மெஷினில் ஏறினார். அதே எண். மனுஷருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, மெஷின்தான் மக்கர் செய்கிறது என்று முடிவு கட்டி, பேண்டை மறுபடி டெய்லரிடம் கொடுத்தார். இந்தத் தடவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மனைவியிடம் சொல்லிவிட்டே கொடுத்தார். திரும்பி வந்த பேண்ட் முன்னைப் போல இறுக்கவில்லை. டெய்லர் கஞ்சத்தனமாகப் பிடித்திருக்கிறார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, மூன்றாவது தடவை இரண்டு விரலாகப் பிடிக்கச் சொன்னார். வாங்கி வந்து போட்டால் மறுநாளே நாலு விரலும் தாராளமாகப் போய் வந்தது.

வீட்டு மெஷினை நம்புவதற்கில்லை. ஸ்டோரில் சங்கிலியும் போல்ட்டும் நிறுக்கிற பெரிய தராசு ஒன்று உண்டு. மதிய இடைவேளையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதில் ஏறினார். அதுவும் அதே எண்ணைக் காட்டியது. இரண்டும் பேசி வைத்துக்கொண்டு செய்வதுபோல இருந்தது. ஒரு காலைத் தூக்கினால் ஏதாவது குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் உள்ளே வந்துவிட்டார்.

தராசில் ஒற்றைக் காலில் நிற்பவர் ஏதாவது காரணம் சொல்லித்தானே ஆக வேண்டும்? பேண்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது, அதனால் எடை பார்த்தேன் என்று சொல்லி, நாலு விரலை உள்ளே விட்டும் காட்டினார். சூப்பர்வைசர் முகம் மலர்ந்துவிட்டது. அன்று காலையில்தான் அந்த மாற்று ஆள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் இன்னொரு பெட்டியில் இடித்திருந்தார். "அப்புறம் இங்க ஏன்யா உக்காந்திருக்கீங்க? நாளைக்குக் காலையிலயே ஏணி ஏறிக் காட்டிடுங்க" என்று சொல்லி, அங்கிருந்தபடியே ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க பாரு. மூணு தடவை பிடிச்சும் இடுப்புல நிக்கல. நாளைக்கு ஏணி ஏறச் சொல்லிட்டாங்க."

மனைவி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"நாளைக்கு வேணாங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"ஏன்? நல்லாத்தானே இருக்கேன்."

"அது தானா லூசாகல. நான்தான் லூஸ் பண்ணச் சொன்னேன்."

அவளுக்கு எல்லாமே ஆரம்பத்திலிருந்து தெரிந்திருக்கிறது. அந்த மெஷினில் கால் வைத்ததும் கடைசியாக ஏறியவரின் எடை ஒரு நொடி மினுங்கும். தினமும் இவர் இறங்கிப்போன பிறகு அவள் கால் வைத்துப் பார்ப்பாளாம். எண் நகரவில்லை என்பதும் தெரியும், இவர் சொல்வது பொய் என்பதும் தெரியும். காலையில் மெஷினிலிருந்து இறங்கும்போது இவர் முகம் போன போக்கை அவளால் பார்க்க முடியவில்லை. எதற்கு இந்தப் பாடு என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவாரோ என்று பயந்தாள். அதனால் இவர் பேண்டை டெய்லரிடம் கொடுத்த அன்றே, பின்னாலேயே போனாள். அவர் பிடிக்கச் சொன்னதை விடுங்க, இரண்டு விரல் லூஸ் பண்ணிக் கொடுங்க, அவருக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்று தடவையும் அதையேதான் செய்திருக்கிறாள்.

இடுப்பில் செருகியிருந்த கையைக் கிரேன்காரர் மெதுவாக வெளியே எடுத்தார்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. நாளைக் காலையில் கப்பல் நிற்கும், ஆட்கள் நிற்பார்கள். தலையும் தோளும் உள்ளே போகும், இடுப்பு வெளியே நிற்கும். அதற்குப் பிறகு யாரும் அவரை ஏணி ஏறச் சொல்ல மாட்டார்கள். ஓய்வு பெறும்வரை ஸ்பானர்தான். இத்தனைக்கும் நடுவில் பாவம் அந்த வயிறு, ஒரு குற்றமும் செய்யாமல் கத்தி வாங்கியது.

"வயித்த வெட்டினதுக்குப் பதிலா பேண்டையே வெட்டியிருக்கலாம். நீ அன்னைக்கே வேணாம்னு சொன்ன" என்றார்.

"அந்தப் பேச்ச இப்ப எடுக்காதீங்க."

"எல்லாம் வீணாப் போச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்ததே ஒழிய யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. மனைவியிடம் காட்ட முடியாத கோபம் போவதற்கு வேறு இடம் வேண்டுமே. போய் உடை மாற்றிக்கொண்டு, இரண்டு பேண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். போய் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவாரோ என்று மனைவியும் கூடவே வந்தாள்.

டெய்லர் ஏதோ திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். கிரேன்காரர் பேண்டுகளை அதன் மேலேயே வைத்தார்.

"ஒருத்தர் பிடிக்கச் சொல்றாரு, ஒருத்தர் விடச் சொல்றாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு பேரும்தான் சொல்லாதீங்கன்னு சொன்னீங்க" என்றார் டெய்லர்.

அது நியாயம்தான். கிரேன்காரருக்குக் கொண்டு வந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை அவர் விழுங்கிக்கொண்டார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனது போகட்டும். நாளைக்கு ஏறித்தான் ஆகணும். யாரையும் ஏமாத்தாம என் நிஜ அளவோட போய் மாட்டிக்கிறேன். பிரிச்சதையெல்லாம் தைச்சு, கம்பெனி கொடுத்தப்போ எந்த அளவுல இருந்துச்சோ அந்த அளவுக்கே ஆக்கிக் கொடுத்துடுங்க. ஒரு விரல் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

டெய்லர் பேண்டை எடுத்து இடுப்புப் பட்டியைப் புரட்டி, உள் தையலை விளக்கருகே பிடித்து இருவருக்கும் காட்டினார். பிறகு அதை முன்போலவே மடித்துக் கிரேன்காரர் கையில் கொடுத்தார். வாயிலிருந்த குண்டூசியை எடுத்து மேஜையில் குத்தினார்.

"அக்கா சொன்ன மாதிரி விடறதுக்கு உள்ள மடிப்புத் துணியே இல்ல, நீங்க சொன்ன மாதிரி பிடிக்க அக்கா விடல, மூணு தடவையும் இஸ்திரி மட்டும்தான் போட்டுக் கொடுத்தேன் சார், இது கம்பெனி கொடுத்த அதே அளவுதான்."