எருமப்பட்டியில் கொடுத்த கை

“எருமப்பட்டி துக்கம். கை கொடுத்தேன். தவறான வீடு.” 1984ஆம் ஆண்டு மாசி மாத டைரியில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத அன்று எனக்குத் தெம்பில்லை.

ஓய்வு பெற்ற புதிது. தாலுகா ஆபீஸ் பதிவறையில் முப்பது வருடம் ஓடிய மூளை, ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் கட்டிப்போட்ட கன்றாக முட்டியது. மிளகாய் டப்பாவில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டினேன். பால்காரர் வரும் நேரத்தைக் குறித்து அவரிடமே காட்டினேன். (அவர் வருவதையே நிறுத்திவிட்டார்.)

“ஏனுங்க, மூளைக்கு வேலை வேணும்னா வெளிய போய்க் குடுங்க. என்ற அடுப்படிய விடுங்க சாமி” என்றாள் மனைவி.

ஆகவே சொந்தபந்தத்தின் துக்கங்களுக்கெல்லாம் இனி நானே போவது, இறந்தவரின் வயது, நோய் எல்லாம் கேட்டுக் குடும்ப வரலாறு எழுதுவது என்று முடிவெடுத்தேன். முதல் தகவல் எருமப்பட்டியிலிருந்து வந்தது. தூரத்துப் பங்காளி ஒருவர் காலமாகிவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் ஒரு பந்தல். எதிரெதிரே இரண்டு வரிசையாக ஆண்கள், உம்மென்று, தலைகுனிந்து. வேறென்ன அடையாளம் வேண்டும்? (மாவிலை கட்டியிருந்ததாம். நான் பார்க்கவில்லை.) எங்கள் பக்கம் துக்க வீட்டில் வாய் திறக்காமல், உட்கார்ந்திருப்பவர்களிடம் இரு கையையும் நீட்டித் தொட்டுவிட்டுத்தான் அமர வேண்டும். நான் ஒருவரையும் விடவில்லை. நீட்டிய கையைத் தட்டமுடியாமல் அவர்களும் தொட்டார்கள்.

கடைசியில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டேன். “வயசு என்னங்க?”

“இருபத்திரண்டுங்க.”

“அடப் பாவமே! எத்தனை நாளாப் படுக்கை?”

எதிர்வரிசைப் பெரியவர் துண்டை உதறி எழுந்தார். “கெளம்புங்கப்பா! நிச்சயம் பேச வந்த எடத்துல எழவுக் கையக் குடுத்துப்போட்டான். இந்தச் சம்பந்தமே வேண்டாம்.”

அப்போதுதான் விளங்கியது. கல்யாணத்தை எந்த ஊரில் வைப்பது என்பதில் இரு வீட்டாரும் முரண்டு பிடித்து, பேச்சற்று உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நான் வயது கேட்டது பெண்ணின் அப்பாவிடம். (துக்க வீடு அடுத்த தெரு.) மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். காவிரியில் ஆழமான இடம் பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்கே இருக்கும் என்று நான் யோசித்தேன்.

பெண்ணின் அப்பா எழுந்து வீட்டுக்குள் போனார். திரும்பி வந்து பெரியவர் முன் கும்பிட்டு நின்றார்.

“மாமா, உக்காருங்க. இவரு பண்ணுனதுல தப்பில்லீங்க. இத்தன வருசம் வளத்த புள்ளைய உங்கூட்டுக்கு அனுப்பிப்போட்டு நான் இந்த ஊட்டுல ஒத்தையில கெடக்கோணும். எனக்குத் துக்கந்தானுங்க. ஒருத்தராச்சும் வந்து கை குடுத்தாரே.”

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தவர்தான், புரையேறும்வரை நிறுத்தவில்லை. “செரி செரி, கல்யாணத்த உங்கூர்லயே வெச்சுக்குங்க” என்று உட்கார்ந்தார். எனக்கும் கேசரி வந்தது.

இப்போதெல்லாம் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு நிச்சயம் என்றாலும் ஆள் அனுப்பிவிடுகிறார்கள். பெண்ணின் அப்பாவுக்கு நான் கை கொடுத்தபிறகுதான் தட்டு மாற்றுகிறார்கள்.

அந்தப் பதிலைக் கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது கல்யாணப் பெண்தான் என்று என் மனைவி சாதிக்கிறாள். அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன். “காப்பி குடிங்க மாமா” என்கிறாள். இது இன்னும் உறுதி செய்யப்படவில்லை.