பட்டை பாய் ஓட்டிய மாடு

வட ஆற்காடு மாவட்டம் உலகத்துக்குக் கொடுத்த உருப்படியான சரக்கு இரண்டுதான். ஒன்று தோல். இன்னொன்று பட்டை பாய். இரண்டுக்கும் யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. தோல் இருக்கும் இடத்தை மூக்கு காட்டும். பட்டை பாய் இருக்கும் இடத்தைக் காது காட்டும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளுக்குத் தோல் பதனிட ஆவாரம் பட்டை சப்ளை செய்தவர் அவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தார். அங்கே துப்பாக்கியைத் தொட்டதைவிட வாலிபாலைத் தொட்டதுதான் ஜாஸ்தி என்பது அவரே கொடுத்த வாக்குமூலம். வேலூரில் அவருடைய கிடங்கும் எங்கள் பெண்கள் கல்லூரியும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கம். நான் அந்தக் கல்லூரியில் குமாஸ்தா. ஆண்கள் நுழையக் கூடாத இடத்தில் எனக்கு எப்படி வேலை கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். பிரின்சிபால் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, இவர் இருக்கலாம்" என்றார். அந்த அவமானத்துக்குத்தான் மாதாமாதம் சம்பளம்.

ஒரு சாயங்காலம், பட்டை ஏற்றிய மாட்டுவண்டியின் உச்சியில் உட்கார்ந்து வந்த பாய், மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் மாணவிகள் வாலிபால் ஆடுவதைப் பார்த்துவிட்டார். ஆடுவதாவது! சுடுகிற பாத்திரத்தைக் கைமாற்றுவது போலப் பந்தை ஒருத்தி இன்னொருத்தியிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ கோணல் வகிடு! பந்து இன்னா உன் மாமியாரா? ஏன் ஒதுங்குறே? எகிறி அடி!"

கோணல் வகிடு எடுத்திருந்த பெண் பயத்தில் எகிறிவிட்டாள். பந்து வலைக்கு அந்தப் பக்கம் தரையில் போய் அறைந்தது. எங்கள் மைதானம் அப்படியொரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு மதிலோரம் வண்டி நிற்கும். உச்சியில் பாய் இருப்பார். பெண்களின் பெயரை அவர் கேட்கவே இல்லை. கோணல் வகிடு, நடு வகிடு, ரெட்டைச் சுழி, சுருட்டை. மேலே இருப்பவருக்குத் தெரிவது அதுதானே.

மூன்றாம் நாள் பிரின்சிபால் அம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர், வெளியே யார் கத்தறது?"

பயம் வந்தால் எனக்குப் பொய் தானாக வரும். நல்ல பொய்யாக வராது, அதுதான் குறை.

"பட்டை பாய், மேடம். மாட்டை அதட்டறாரு."

"எகிறி அடின்னு சொல்றாரே?"

"சண்டி மாடு, மேடம்."

"கோணல் வகிடுன்னு கூப்பிடறாரே?"

"கொம்பு கொஞ்சம் கோணல், மேடம்."

அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எவனோ ஒரு ஆம்பளை என் பொண்ணுங்களுக்கு ஆட்டம் சொல்லித் தர்றதா தெரிஞ்சுது, உங்க நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பார். இன்னொண்ணு. வருஷா வருஷம் முதல் ஆட்டத்துலேயே தோத்துட்டு வர்றாங்க. இந்தத் தடவை கோப்பை வரலைன்னா, அந்த வலைக் கம்பத்துல ஹாஸ்டலுக்குப் புடலங்காய்ப் பந்தல் போட்டுடுவேன்."

அந்த வருஷம் பல்கலைக்கழகப் போட்டியின் முதல் சுற்றுகள் எங்கள் மைதானத்திலேயே நடந்தன. வந்த கல்லூரிகளெல்லாம் தோற்றுத் திரும்பின. பாயின் மாடும் அன்றைக்கெல்லாம் ரொம்பவே சண்டித்தனம் செய்தது.

இறுதி ஆட்டம் சென்னையில். "பாய் வரலைன்னா நாங்க ரயிலே ஏற மாட்டோம் சார்" என்றாள் கோணல் வகிடு. அவள்தான் கேப்டன். பிரின்சிபால் அம்மாள் முன் பெட்டியில். பாயைக் கடைசிப் பெட்டியில் திணித்தேன். காட்பாடியிலிருந்து சென்னை வரை எனக்கு வியர்த்த வியர்வையில் ஒரு தொட்டித் தோலை ஊறப் போட்டிருக்கலாம்.

மைதானத்தில் கூட்டத்துக்குப் பின்னால் பாயை நிறுத்தினேன். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் போய்விட்டது. பாய் வாயே திறக்கவில்லை.

"பாய், ஏதாவது சொல்லுங்க! புடலங்காய் வந்துட்டே இருக்கு!"

"யாருக்கு இன்னான்னு சொல்றது? இவங்க எல்லாம் யாரு?"

"நம்ம பொண்ணுங்க பாய்!"

"மூஞ்சிய நான் எங்கே பாத்தேன்?"

"ஆறு மாசமா பாத்தீங்களே!"

"அடுத்தவங்க வூட்டுப் புள்ளைங்க. மூஞ்சிய உத்துப் பாக்கிறது மரியாதையா? தலையைப் பாத்தேன், பந்தைப் பாத்தேன். தரையில நின்னா ஒண்ணும் புரியல, பேஜாரா கீது. ஒசரம் வேணும்."

மரமில்லை, ஏணியில்லை. நடுவர் உட்கார்ந்திருந்த உயர நாற்காலியை பாய் ஆசையோடு பார்த்தார். நான் பதறிப்போய்க் குனிந்தேன்.

"ஏறுங்க பாய்."

ஏறினார். நனைந்த பட்டை மூட்டையைக் கழுத்தில் சுமந்தவர்களுக்குத்தான் என் நிலைமை புரியும். மேலேயிருந்து நாக்கைச் சொடுக்கும் சத்தம் வந்தது. பழக்கதோஷம். அடுத்து விலாவில் குதிகால் இறங்கியது.

"நடு வகிடு, பின்னாலே போ! ரெட்டைச் சுழி, தூக்கிக் குடு! கோணல் வகிடு, எகிறு!"

அந்தக் குரல் கேட்டதும் எங்கள் பெண்கள் விழித்துக்கொண்டார்கள் என்று சொல்லக் கேள்வி. நான் பார்க்கவில்லை. அந்த இறுதி ஆட்டத்தை என் விலா எலும்பால்தான் தெரிந்துகொண்டேன். நமக்குப் பாயிண்ட் என்றால் ஒரு உதை. அவர்களுக்கு என்றால் இரண்டு. பந்து இடது பக்கம் போனால் இடது காதைத் திருகுவார், நான் திரும்ப வேண்டும். இரண்டாவது ஆட்டம் முடிந்தது. மூன்றாவதும் முடியப் போகிறது என்று காது சொன்னது.

திடீரென்று உதை நின்றுவிட்டது. என் வழுக்கையில் ஏதோ சொட்டியது. நிமிர்ந்தேன். பாய் அழுதுகொண்டிருந்தார். ஒழிந்தது வேலை, வந்தது புடலங்காய் என்று முடிவுகட்டி நானும் அழத் தொடங்கினேன். எங்கள் பெண்கள் குதித்துக்கொண்டு கத்தியது அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், எதிரே பிரின்சிபால் அம்மாள்.

"இதுதான் அந்தச் சண்டி மாடா, மிஸ்டர்?"

கழுத்தில் பாயோடு என்ன மறுக்க முடியும்? "ஆமாம் மேடம்."

"மாட்டுக்காரருக்குக் காப்பி வாங்கிக் குடுங்க," என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "மாட்டுக்கும்."

பந்தல் வரவில்லை. என் நாற்காலியிலும் வேறு யாரும் உட்காரவில்லை. மைதானத்துக்குள்ளேயே பாய்க்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவர் வரவே இல்லை. "கீழே உக்காந்தா இன்னா தெரியும்?" என்று வண்டி உச்சியிலேயே இருந்துவிட்டார்.

பத்து வருஷம் கழித்து ஒரு நாள் அவருடைய கிடங்கில் பேசிக்கொண்டிருந்தோம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பாய் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரும்மா? பட்டை வேணுமா?" என்று கிடங்கு அதிரக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கு முன்னால் தலையை மட்டும் குனிந்து காட்டினாள்.

பாய் வெகுநேரம் அந்தக் கோணல் வகிட்டையே பார்த்தார். அப்புறம் ஏதோ சொன்னார். பக்கத்திலேயே நின்ற எனக்குக்கூட அது கேட்கவில்லை.