புகையை முகர்ந்து பார்ப்பவர்

திறந்த பானட்டைக் கண்டால் கடந்து போக முடியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஓசூரில் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். உங்கள் தெருவில் இல்லையென்றால், அங்கே இன்னும் யாரும் கார் வாங்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் தெருவில் விஜயகுமார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தரப் பரிசோதனை செய்கிறார். பரிசோதிப்பது வைப்பர் ரப்பரைத்தான். ஆனால் முழுக் காரும் தன் பொறுப்பு என்பது அவர் எண்ணம். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சைலன்ஸர் பக்கம் குனிந்து, புகையை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ‘ம்’ என்பார். பிறகு பெட்ரோலில் எவ்வளவு கலப்படம், இஞ்செக்டர் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் வரும். இவருக்கு மெஷின் எதற்கு?

போன புதன்கிழமை காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டு சுசித்ரா வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற பானட்டைத் திறந்தாள். பத்தரைக்கு அவள் அம்மா பாப்பம்மாவுக்கு பெங்களூரில் கண் ஆபரேஷன். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. காரின் புகைச் சான்றிதழ் முந்தின நாளோடு முடிந்திருந்தது. அது இல்லாமல் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்ட அவளுக்குப் பயம். போகிற வழியில் பத்து நிமிடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

விஜயகுமார் வந்தார், முகர்ந்தார், வண்டியை அணைக்கச் சொன்னார். ஆக்ஸிஜன் சென்சாரில் கரி பிடித்திருக்கிறதாம். அவள் வேண்டாம் என்பதற்குள் அதன் ஒயர் கனெக்டரைக் கழற்றி, வாயால் ஊதி, பனியனில் துடைத்து, திரும்பச் செருகிவிட்டார். இனிமேல் புகையே வராது என்று உத்தரவாதமும் கொடுத்தார்.

அவள் கிளம்பியதும் டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்ரோல் பங்க்கில் மூன்று முறை சோதித்தார்கள். மூன்று முறையும் ஃபெயில். சுசித்ரா விஜயகுமாருக்குப் போன் போட்டதும் அவர் மெஷின் மேல் பழியைப் போட்டு, வேறு இடத்தில் காட்டச் சொன்னார். அந்தப் புண்ணியவானை நம்பி அவளும் போனாள். அங்கே நீண்ட வரிசை. அவள் முறை வந்தபோது மணி ஒன்பதே முக்கால். அங்கும் ஃபெயில்.

சோதனை செய்த முனிலட்சுமிதான் பானட்டைத் திறந்து பார்த்தாள். “யாருக்கா இதக் கழட்டுனது? பாதிதான் மாட்டியிருக்காங்க” என்று கேட்டுக்கொண்டே கனெக்டரை அழுத்தி மாட்டினாள். விளக்கு அணைந்து, சான்றிதழும் கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது டாக்டர் கிளம்பியிருந்தார். அடுத்த தேதி இன்னும் ஒரு மாதம் கழித்து. பாப்பம்மா சுவரைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் போனார். மாலையில் சுசித்ரா நேராகவே கேட்டுவிட்டாள். விஜயகுமாருக்கு முகம் சுருங்கவே இல்லை.

“நான் பாக்கலன்னா இன்னும் மோசமா ஆயிருக்கும்மா.”

அப்படிப்பட்ட ஆள் நீங்கள் இல்லை. நம்புகிறேன். ஆனால் ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். முனிலட்சுமி பானட்டைத் திறந்தபோது, ‘முதலில் ஏர் ஃபில்டரையல்லவா பார்த்திருக்க வேண்டும்’ என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா?