படகை இரண்டாம் முறை மூழ்கடித்தவள்

ஆறு ஒரே பக்கமாகத்தான் ஓடும் என்று இருபத்து நான்கு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். என்னைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் மதுரைக்காரி. எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம். அது ஓடுவதே பெரிய விஷயம், இதில் திரும்பி வேறு ஓடுமா என்று யார் யோசித்தது?

அப்போது நான் கொல்கத்தாவில், காப்பீட்டு நிறுவனங்களுக்காக விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புரொபேஷன் முடிய ஒரு மாதம் பாக்கி. "வேலை நிரந்தரமாகலைன்னா பேசாம கிளம்பி வந்துரு, நாலு ஜாதகம் வந்திருக்கு" என்று அம்மா தினமும் போனில் அன்பாக மிரட்டுவாள். ஆகவே வேலையில் என் சுறுசுறுப்பு அளவுக்கு மீறியே இருந்தது.

மேலதிகாரி சுந்தரம் சார், கொல்கத்தாத் தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் முடிப்பார். (திட்டுவது மட்டும் முழுக்கத் தமிழில்.) ஒருநாள் காலை ஏழு மணிக்கு என்னை ஹூக்ளி ஆற்றுப் படித்துறை ஒன்றுக்கு வரச் சொன்னார்.

பிமல்-தா ('தா' என்றால் அண்ணன்) என்ற, ஆற்றில் முங்கி வேலை செய்யும் டைவரின் படகு விவகாரம். கப்பல் புரொப்பல்லரில் சிக்கிய கயிற்றை அறுப்பது, ஆற்றில் விழுந்த நங்கூரத்தைத் தேடி எடுப்பது, இதெல்லாம் அவர் தொழில். மகள் கல்யாணத்துக்காக அவர் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் படித்துறையில் கட்டியிருந்த படகு மூழ்கிவிட்டது. ஹால்தார் பாபு என்ற காண்ட்ராக்டர் தானாக வந்து கிரேன் வைத்துத் தூக்கி, கிட்டத்தட்ட படகின் விலைக்கே ஒரு பில் போட்டுவிட்டார். பணம் வந்தால்தான் படகைத் தருவேன் என்று எஞ்சின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். காப்பீட்டு நிறுவனமோ, இந்தச் செலவு நியாயமா என்று எங்களைக் கேட்டது. மூன்று மாதமாகப் பிமல்-தாவுக்குத் தொழில் இல்லை.

நாங்கள் போனபோது இருவரும் படிக்கட்டின் உச்சியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். (சண்டை வங்காளத்தில் நடந்தது. எனக்குப் புரிந்த அளவுக்குத் தமிழில் தருகிறேன்.)

"யார் உன்னைத் தூக்கச் சொன்னா?"

"நான் தூக்கலேன்னா உன் படகு இந்நேரம் கடல்ல இருக்கும்!"

சார் சமாதானம் பேச அவர்களை டீக்கடைக்கு இழுத்துப் போனார். "வசந்தி, நீ போய் போட்டோ எடுத்துட்டு வாம்மா" என்றார்.

போனேன். மேல்படியில் கட்டிய நீளக் கயிற்றில் படகு தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. எடுத்த படமெல்லாம் கலங்கல். இவ்வளவு அசட்டையாகவா கட்டுவார்கள், இதனால்தான் மூழ்கியிருக்கிறது என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். கீழ்ப்படியில் ஓர் இரும்பு வளையம், பாசியும் ஈரமுமாக. (அது ஏன் ஈரமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று நச்சரிக்கிற வாய்க்கு அன்று என்ன வந்ததோ!) கயிற்றை இழுத்து, படகை ஒட்டினாற்போல் அந்த வளையத்தில் இறுக்கிக் கட்டினேன். ஷூ லேஸ் முடிச்சு, அதன்மேல் இன்னொன்று, பத்திரத்துக்கு மூன்றாவதாக ஒன்று. படகு அசையாமல் நின்றது. அழகழகாகப் படம் எடுத்துக்கொண்டு, கட்டிவிட்டதையே மறந்து, டீக்கடைக்கு ஏறினேன்.

அங்கே ஹால்தார் பாபு பில்லை வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தார். நடு ஆற்றில் தேடிய கூலி. கிரேன் இரண்டு நாள். கயிறு அறுத்த கூலி.

"எந்தக் கயிறு சார்?" என்று கேட்டேன்.

"படகைக் கட்டியிருந்த கயிறும்மா. குறுக்கே பேசாதே" என்றார் சார்.

மண்குவளையில் ஆளுக்கு நாலு டீ குடித்தோம். பாதிப் பணத்துக்கு ஹால்தார் இறங்கி வந்தார். பிமல்-தா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் கீழே யாரோ அலறினார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தால் படிக்கட்டில் பாதியைக் காணோம்! ஆறு பொங்கி மேலே வந்திருந்தது. படகின் ஒரு முனை மட்டும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. பிறகு அதுவும் போனது.

"நான் தூக்கிக் கொடுத்தாச்சு. இது புது வேலை, புது பில்" என்றார் ஹால்தார்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு? இது உன் தலையிலதான்" என்றார் பிமல்-தா.

கூடியிருந்தவர்களில் ஒருவர் நீரில் முங்கித் தடவிப் பார்த்துவிட்டு, கயிறு கீழ் வளையத்தில் கட்டியிருக்கிறது என்றார். ஹால்தார் துள்ளினார். "பார்த்தீங்களா! காப்பீட்டுப் பணத்துக்காக இவனே கட்டி முழுகடிச்சிருக்கான். போன தடவையும் இதேதான் பண்ணியிருப்பான்!"

பிமல்-தா படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாக ஆற்றிலேயே கிடப்பவரைத் திருடன் என்கிறார்கள், நான் பக்கத்தில் நல்ல பிள்ளை மாதிரி நிற்கிறேன். சொன்னால் வேலை போகும், மதுரையில் நாலு ஜாதகம் காத்திருக்கிறது. சொல்லாவிட்டால் இவர் பிழைப்பு போகும். வெட்கக்கேடு, முழுசாக ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"சார், நான்தான் கட்டினேன்."

"என்னது?"

"போட்டோ ஆடுச்சு சார்."

"அடிப்பாவி! தண்ணி ஏறும்னு தெரியாதா உனக்கு?"

"எப்படி சார் ஏறும்? மழையே பெய்யலையே!"

சார் அதை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். (அதற்கு அவசியமே இல்லை.) மொத்தப் படித்துறையும் விழுந்து விழுந்து சிரித்தது. அதன்பின் பெரியவர் ஒருவர், கடல் பொங்கும்போது ஆறு திரும்பி ஓடும், நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், கயிறு நீளமாக இருந்தால்தான் படகும் கூடவே ஏறும் என்று விளக்கினார். அந்த அவமானத்திலும், "தினமுமா? எந்த நேரத்தில் என்று எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டதாக சார் இன்றும் சத்தியம் செய்கிறார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு ஆறு இறங்கியது. படகு தானாகவே, கீழ்ப்படியோரச் சேற்றில் சாய்ந்தபடி, வெளியே வந்தது. கிரேனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நாலு பேர் வாளியால் இறைத்தார்கள். அரை மணி நேரத்தில் நிமிர்ந்துவிட்டது.

சார் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பில்லைப் பிரித்தார்.

"ஹால்தார் பாபு, கயிறு அறுத்த கூலின்னு போட்டிருக்கீங்க. அப்போ அன்னிக்கும் படகு கயித்துலதான் இருந்திருக்கு. கயித்துல இருந்த படகை நடு ஆத்துல எப்படித் தேடினீங்க? கிரேன் எதுக்கு? தண்ணி இறங்குற வரைக்கும் காத்திருந்தா போதுமே?"

ஹால்தார் பாபு, தூக்கிய கூலியாக நாலு பேரின் ஒருநாள் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, சாவியைப் பிமல்-தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை போகவில்லை. புரொபேஷன் மட்டும் ஆறு மாதம் நீண்டது. காரணம் என்ற இடத்தில் சார் 'ஆற்றைப் பற்றி இன்னும் கற்க வேண்டும்' என்று எழுதினார். கல்யாணமும் பிறகு இதே ஊரில், என் இஷ்டப்படியே நடந்தது. கொசுவலை, பார்சல், மகளின் ரிப்பன், எதைக் கட்டப் போனாலும் என் கணவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார்.

வருஷாவருஷம், நம் ஆயுத பூஜை மாதிரியான விஸ்வகர்மா பூஜையன்று, பிமல்-தா எங்களைக் குடும்பத்தோடு படகுக்குக் கூப்பிடுவார். என்னை விட மூத்தவர், ஆனாலும் என்னை 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். பூஜை முடிந்ததும் சின்னதாக ஒரு சுற்று. திரும்பி வந்ததும் கயிற்றை என் ஏழு வயது மகள் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லுவார். போன வருஷம் நானும் ஆசையாகக் கையை நீட்டினேன். மொத்தப் படித்துறையும் "ஏய் ஏய்!" என்று கத்தியது. பிமல்-தா மெதுவாக என் கையை விலக்கினார்.

"தீதி, நீங்க போட்டோ மட்டும் எடுங்க. ஆடினாலும் பரவாயில்லை."