மாமனாருக்கு ஒரு மல்தோவா யாப்பு

பிறநாட்டு அரசியலமைப்பைப் பாதி கேட்டுவிட்டு வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. மல்தோவாவின் ஆட்சிமுறையால் கலியாணம் நின்றுபோகப் பார்த்த தமிழன், மொன்றியலில் நானறிந்தவரை, நான் ஒருவன்தான்.

அப்போது செயின்ட்-லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மிச்ச நேரத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். (வேறு யாரும் எடுக்க விரும்பாத பதவி. அறிக்கை எழுத வேண்டும், கதிரை அடுக்க வேண்டும். அடுக்குவதில் எனக்கு அனுபவம் இருந்தது.) சங்கத்தின் மூத்த உறுப்பினர் அருளப்பு அங்கிளின் மகள் ஜெசிந்தாவும் நானும் ஒருவரையொருவர் விரும்பினோம். அவர்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், நாங்கள் சைவம். ஆகவே அங்கிளிடம் விஷயத்தைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நல்ல நேரத்தை ஜெசிந்தாவே குறித்தாள்.

"அப்பாவுக்குச் சங்கத் தலைவரா வரோணும் எண்டு சரியான ஆசை. வந்திட்டாரெண்டால் ரெண்டு கிழமைக்காவது சிரிச்சுக்கொண்டு திரிவார். அதுக்குள்ள நான் கதைக்கிறன்."

தடையாக நின்றவர் ராசநாயகம் அண்ணை. அவரும் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். சங்க விழாக்களுக்கு ரோல்ஸும் ஆட்டிறைச்சிக் கறியும் அவருடைய கைச்சமையல்தான். உறுப்பினர்கள் நேரடியாக வாக்களித்தால், அந்தக் கறியைச் சாப்பிட்ட ஒருவரும் அங்கிளுக்குப் போடமாட்டார்கள். (நானே கொஞ்சம் யோசித்திருப்பேன்.)

இந்த நேரம் பார்த்துத்தான் வாசிலே வாயைத் திறந்தான். என்னோடு பெட்டி அடுக்கியவன், மல்தோவாக்காரன். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது தனிநாடான இடம் அது. ஒரு மதிய இடைவேளையில் தன் நாட்டுக் கதையைப் பிரெஞ்சில் சொன்னான். ஒரு காலத்தில் அங்கே ஜனாதிபதியை மக்கள் தெரிவுசெய்யவில்லையாம், பாராளுமன்றம்தான் இரகசிய வாக்கில் தெரிவுசெய்யுமாம். வெல்ல ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஜனாதிபதி இல்லாவிட்டால், புதியவர் வரும்வரை சபாநாயகர்தான் பதில் ஜனாதிபதி. "ஒருமுறை என்ன நடந்தது தெரியுமா?" என்று அவன் தொடங்கியபோது மைக்ரோவேவ் காலியானது. நான் சோற்றுப் பெட்டியோடு ஓடிவிட்டேன்.

ஒரு நாட்டின் தலைவரை ஒரு மண்டபத்துக்குள் இருந்தபடியே தெரிவுசெய்யலாம் என்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. எங்கள் நிர்வாகக் குழுவில் பதினைந்து பேர். அங்கிளையும் சேர்த்து எட்டுப் பேர் அவர் பக்கம். என்னோடு ஒன்பது. பதினைந்தில் ஐந்தில் மூன்று பங்கு சரியாக ஒன்பது! மல்தோவாக்காரர்கள் அருளப்பு அங்கிளை மனதில் வைத்தே சட்டம் இயற்றியிருக்கிறார்கள் என்று நம்பினேன். உடனே அதே இரகசிய வாக்கு, அதே ஐந்தில் மூன்று என்று சங்கத்துக்குப் புதிய யாப்பு, அதாவது சட்டவிதிகள், எழுதினேன். சபாநாயகர் என்று வரவேண்டிய இடத்தில் செயலாளர் என்று போட்டேன்.

செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் பொதுக்கூட்டம். யாப்பை வாசித்து, "இது ஐரோப்பாவில இருந்த முறை" என்றும் சேர்த்துக்கொண்டேன். ஐரோப்பா என்றதும் சபை மரியாதையாகத் தலையாட்டியது. ராசநாயகம் அண்ணை மட்டும் எழுந்தார்.

"தம்பி, எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. ஆனா தேர்தலை நடத்துறதும் நீர், வோட்டுப் போடுறதும் நீரோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். ஆனால் பின்வரிசையில் ஜெசிந்தா இருந்தாள். அவள் முன்னால் பெரிய நேர்மையாளனாகத் தெரிய ஆசைப்பட்டேன்.

"இல்லை அண்ணை. செயலாளர் நடுநிலை. அவர் வோட்டுப் போடமாட்டார். இப்பவே யாப்பில எழுதிறன்."

மண்டபம் கைதட்டியது. யாப்பும் நிறைவேறியது. நான் கைகூப்பி எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஜெசிந்தா மட்டும் கைதட்டாமல் விரல்மடித்து எதையோ எண்ணினாள். பிறகு நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

அங்கேயே நிர்வாகக் குழு வாக்களித்தது. அங்கிளுக்கு எட்டு, ராசநாயகம் அண்ணைக்கு ஆறு. ஒருவரும் தலைவரில்லை.

மறுபடி வாக்கெடுத்தோம். எட்டு, ஆறு. தேத்தண்ணி கொடுத்துச் சமாதானம் பேசிவிட்டு இன்னொருமுறை எடுத்தோம். எட்டு, ஆறு. (எங்கள் ஊரார் சொன்ன சொல் மாறாதவர்கள்.) தலைவர் உரை முடியாமல் சாப்பாடு திறப்பதில்லை என்பது சங்கத்து வழக்கம். கறிச்சட்டிகள் மூடியபடி கிடந்தன, பிள்ளைகள் அழத் தொடங்கின. எங்களுக்குப் பிறகு மண்டபத்தை எடுத்திருந்த ஹெயிட்டிக்காரர்கள் ஞானஸ்நான விருந்துக்காகப் பலூன்களோடு வாசலில் வந்து நின்றார்கள்.

நான் கழிவறைக்குள் போய் வாசிலேயைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஒரு வாக்குக் குறைந்தால் உங்கள் நாட்டில் என்ன செய்வீர்கள்?"

"அதைத்தானே அன்றைக்குச் சொல்ல வந்தேன்! அங்கேயும் ஒரு வாக்குத்தான் குறைந்தது. பாராளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் வைத்தார்கள். திரும்பவும் போதவில்லை, திரும்பவும் கலைத்தார்கள். முழு ஜனாதிபதி ஒருவர் வர மூன்று வருடத்துக்குக் கிட்டப் பிடித்தது."

"அதுவரைக்கும்?"

"பதில் ஜனாதிபதிகள்தான். இப்போது பழையபடி மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். நீ ஏன் கழிவறையில் நின்று பேசுகிறாய்?"

வெளியே வந்தபோது ராசநாயகம் அண்ணை என் யாப்பை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். "தலைவர் தெரிவாகாதவிடத்துச் செயலாளர் பதில் தலைவராகக் கடமையாற்றுவார்." நான் எழுதிய தமிழ் அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"பிறகென்ன, தலைவர் வந்திட்டார்! சட்டியளைத் திறவுங்கோ!"

அருளப்பு அன்ரி தன் கணவருக்கென்று ஆசையாகக் கட்டிவந்த மாலை மேசையில் இருந்தது. அண்ணை அதை எடுத்து என் கழுத்தில் போட்டார். பசித்த சனம் பலமாகக் கைதட்டியது. நிலைமை விளங்காத ஹெயிட்டிக்காரர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

அங்கிள் என்னைப் பார்த்தார். புதுக் கோட்டு, பைக்குள் மடித்து வைத்த தலைவர் உரை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏமாந்துபோய் நின்றார். ஜெசிந்தா இனி எனக்கில்லை என்று முடிவுகட்டினேன். (இருந்தாலும் கறி சாப்பிட்டேன். பதில் தலைவர் தொடங்காமல் மற்றவர்கள் சாப்பிட முடியாதாம்.)

அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில், காருக்குள் ஜெசிந்தா அங்கிளிடம் எங்கள் விஷயம் முழுவதையும் கொட்டிவிட்டாள்.

"அப்பா, உங்களை வெல்லவைக்கத்தான் அவர் இவ்வளவும் எழுதினவர்."

"வெல்லவைக்க எழுதினதே இப்பிடியெண்டால், பிள்ளை, அவன் என்னைத் தோக்கடிக்க எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

பிறகு வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது, "உவனை வெளியில விட்டால் சனத்துக்குத்தான் ஆபத்து. வீட்டுக்குள்ளயே வைச்சிருப்பம்" என்றாராம்.

அடுத்த கூட்டத்தில் மல்தோவாவைப் போலவே நாங்களும் நேரடி வாக்குக்குத் திரும்பினோம். ராசநாயகம் அண்ணை அமோகமாக வென்றார். எங்கள் கலியாணத்துக்கு ரோல்ஸ் போட்டவரும் அவர்தான். அங்கே ஒவ்வொரு விருந்தினரிடமும் அங்கிள் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அறிமுகம் செய்தார்: "இவர் எங்கட பதில் மருமகன்."

இன்றும் நான் பதில் மருமகன்தான். ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும், என்னை நிரந்தரமாக்க வீட்டில் வாக்கெடுப்பு நடக்கும். மாமா, மாமி, ஜெசிந்தா, மகள், நான் என்று ஐந்து பேர். மூன்று வாக்கு வேண்டும். நான் நடுநிலை, எனவே போட முடியாது. வாக்குத் துண்டுகளைச் சூப்புக் கோப்பைக்குள் போட்டு மகள் எண்ணுவாள். போன நத்தாருக்கும் இரண்டுதான். மாமி எனக்கு எதிராகப் போடுவதை மறைப்பதேயில்லை. மாமாவும் மகளும் தங்கள் வாக்கு எனக்குத்தான் என்று சத்தியம் செய்கிறார்கள். ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"இரகசிய வாக்கெண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்" என்றாள்.