மறுப்பாளரின் மைக்கை இறக்கியவன் எழுதும் நன்றி

மதிப்பிற்குரிய செயலாளர் அம்மா அவர்களுக்கு, உங்கள் ஐரோப்பியச் சிந்தனை வரலாற்று அனைத்துலக ஆய்வுச் சங்கத்தின் கூட்டத்துக்கு மைக்செட் போட்டவன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஆம்ப்ளிஃபயரும் நலம். தாங்களும், அன்று தொண்டை வறளக் கத்திய தாடி ஐயாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

அம்மா, பத்தாம் வகுப்புதான் என்னைத் தாண்டிப் போனதே தவிர நான் அதைத் தாண்டவில்லை, அதனால் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை வாசிக்கப்போகிறவள் என் மகள் என்பதை, நீங்கள் மைக்செட்டுக்குச் சொல்லியனுப்பியபோதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். "யாருகிட்டயும் சொல்லாதீங்கப்பா, சிபாரிசுன்னு நெனைப்பாங்க" என்று அவள் என் வாயை அடைத்துவிட்டாள். போன முறை அவள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இந்த முறையும் திரும்பி வந்தால் வேறு வேலை பார்க்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஐரோப்பாவில் அந்தக் காலத்து அறிஞர்கள் ஒருவரையொருவர் மரியாதை குறையாமல் எப்படி மறுத்தார்கள் என்பதுதான் கட்டுரையாம். எனக்கு அதில் "மரியாதை" மட்டும் புரிந்தது. அவள் பேசும்போது குரலைக் கொஞ்சம் கணீரென்று ஏற்றிவைத்தேன், பெற்றவன் அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அடுத்து தாடி ஐயா எழுந்தார். கட்டுரைக்குக் கட்டுரை குறை சொல்ல ஒரு மறுப்பாளரை நீங்களே நியமிப்பீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர் எடுத்த எடுப்பில், "இந்தக் கட்டுரையோட அஸ்திவாரமே ஆட்டங்காணுதே" என்றார். அம்மா, நான் ஒன்றும் செய்யவில்லை, என் கைதான் செய்தது. சத்தக் குமிழ் தானாக இடப்பக்கம், குறைகிற பக்கம், போனது. அவர் கத்தக் கத்த அது இன்னும் போனது. தாங்கள் பதறிப்போய் ஓடிவந்தீர்கள்.

"என்னங்க ஆச்சு?"

"லைன்ல கோளாறும்மா."

"அந்தப் பொண்ணு பேசறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"அது வேற லைனும்மா."

அப்போதுதான் மேடையிலிருந்து என் மகள், நான் ஏற்றிவைத்த அதே கணீர்க் குரலில், சபை முழுக்கக் கேட்க, "அப்பா! அவர் சத்தத்தை ஏத்துங்க!" என்றாள். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பதற்றத்தில் ஒரே திருகாகத் திருகினேன், செட்டு ஊளையிட்டது, முன்வரிசையில் ஒருவர் தேநீரைத் தன் மடியிலேயே ஊற்றிக்கொண்டார். தாடி ஐயா காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா இருக்கிற எடத்துல கொஞ்சம் பார்த்துத்தான் பேசணும்போல" என்று சொல்ல, சபை சிரித்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேட்டதில் பாதிக்கு பதில் சொன்னாள், மீதிக்கு "எனக்குத் தெரியலைங்க, யோசிக்கணும்" என்றாள். போச்சுடா என்று நினைத்தேன்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் தாடி ஐயாவே வந்தார். "பொண்ணு பேசினதைக் கேட்டீங்களா?" என்றார். "சத்தம் கேட்டேன் சார், சங்கதி புரியலை. நீங்க திட்டினது மட்டும் நல்லாப் புரிஞ்சுது" என்றேன். அவர் தோளைத் தட்டி, "ஒண்ணுமில்லாத கட்டுரையா இருந்தா 'நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இதை ராத்திரி முழிச்சிருந்து மூணு தடவை படிச்சேன்" என்றார். வீட்டுக்கு வந்தால் என் சம்சாரம், "பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்து சோறு வேற கேக்குறீங்களா?" என்றாள்.

நேற்று தாங்கள் போன் செய்து, கட்டுரையை ஏற்றுக்கொண்டோம், சங்கத்திலும் சேர்த்துக்கொண்டோம், தாடி ஐயாதான் முன்மொழிந்தார் என்று சொன்னீர்களாம். மகள் அழுதுகொண்டே வந்து சொன்னாள். அம்மா, நாங்கள் பெற்றவர்கள் "நல்லாருக்கும்மா" என்று சொல்லியே அவளை வளர்த்துவிட்டோம். ஒரு பக்கமாவது படித்துவிட்டுச் சொன்னதில்லை. அவள் எழுதியதை வரிவரியாகப் படித்துக் குறை கண்டுபிடிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்றால், அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது? அவரை ஊமையாக்கப் பார்த்தவன் நான். இனி சங்கத்தார் பேசும் எந்த மைக்கையும் தொடமாட்டேன். வேறு நல்ல செட்டுக்காரரை நானே பார்த்துச் சொல்கிறேன்.

உங்கள் சங்கம் தழைக்க, அதில் சண்டை குறையாதிருக்க, என் குடும்பத்தார் அனைவரின் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
லைன் கோளாறுக்காரன்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டும்போது மகள் வந்து ஒரு செய்தி சொன்னாள். அடுத்த கூட்டத்தில் தாடி ஐயா கட்டுரை வாசிக்கிறாராம், மறுப்பாளர் இவளாம். அம்மா, வேறு செட்டுக்காரர் யாரையும் பார்க்கவேண்டாம். ஐயாவின் மைக்கைத் தொடவே மாட்டேன், சத்தியம். மகளுடைய மைக்குக்கு மட்டும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸாக இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன்.