பெயின்ட் வேலை நடக்குது

"மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடு," என்றார் ஆதிகேசவன். வீட்டு ஓனர். கீழ்வீட்டில் இருப்பவர். அவர் கையிலிருந்த செல்போன் வீடியோவில் ஸ்ரீஹரி மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

ஸ்ரீஹரி மாடியில் குடியிருந்தான். ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பில் போடும் வேலை. சனிக்கிழமைகளில் திருப்பதியில் ஒரு காபி ஷாப்பில் ஸ்டாண்ட்-அப் காமெடி. அன்றாடம் பார்ப்பதைத்தான் மேடையில் சொல்வான். தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதில் அவனுக்குப் பெருமை.

போன வாரம் சொன்னது இது:

"திருப்பதியில கட்டினா அது வீடு இல்லீங்க, சத்திரம். எங்க தெருவுல ஒரு பெரிய மனுஷன். சொந்தக்காரங்க தரிசனத்துக்கு வர்றாங்கன்னு போன் வந்தா போதும், வாசல்ல ஒரு ஏணி, ஒரு பக்கெட். 'அய்யய்யோ, வீட்ல பெயின்ட் வேலை நடக்குதே!' ரெண்டு வருஷமா நடக்குது. சுவத்துல ஒரு சொட்டு விழல. அந்த ஏணிக்கே மொட்டை போட்டுக் காது குத்தற வயசாயிடுச்சு!"

சிரிப்பு அடங்கியதும் முடித்தான்: "எங்க அக்கா மட்டும் தங்கம். குடும்பத்தோட வரும். பஸ்ஸ விட்டு எறங்கி நேரா அலிபிரி, அப்படியே மலையேறிடும். தம்பிக்குத் தொந்தரவே குடுக்காது!"

ஒரே கைதட்டல். வீடியோவை நெட்டில் போட்டு, சத்யவேட்டில் இருக்கும் காஞ்சனா அக்காவுக்கு அனுப்பினான். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. வேலையாக இருப்பாள்.

வீடியோ ஆதிகேசவனின் சம்பந்தி வரைக்கும் போய்விட்டது.

"பெயின்ட் காஞ்சுதான்னு கேக்கறாருப்பா என் சம்பந்தி! அந்த ஏணி என்னுதே இல்ல!"

படிக்கட்டுக்கு அடியில், அவர் கதவை ஒட்டி, ஏணி சாய்ந்திருந்தது. பக்கத்தில் பக்கெட். ஸ்ரீஹரி ஏணியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

மாடிக்கு வந்தபோது மனைவி ரேகா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அந்த வீடியோவ எடுத்துடுங்க. ஏணி பேச்சே இனிமே வேணாம்."

"ஏணிதான் ரேகா ஜோக்கே."

"புள்ளைக்கு ஸ்கூல் நாலு வீடு தள்ளி. நாள் பூரா தண்ணி வருது. இந்த மாதிரி வீடு எங்க கெடைக்கும்? அவருதான் என்னுது இல்லன்றாரே, உடுங்களேன்."

அவள் பயந்தது நியாயம். ஸ்ரீஹரி மறுபடி கீழே போனான்.

"சார், அது நீங்க இல்ல. எங்க மாமனார்."

மாமனார் வேதாச்சலம் நகரியில் தறி ஓட்டுபவர். நகரி எங்கே, இந்தத் தெரு எங்கே என்று ஓனர் யோசிக்கவில்லை. சந்தோஷமாக அவருக்கே போன் போட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வேதாச்சலம் பையோடு வந்து இறங்கினார்.

"மாப்ள, எங்க வூட்டுக்கு வந்தவன் எவனாவது துன்னாம போயிருக்கானா? நானா ஏணி வெச்சேன்?"

"சும்மா சொன்னேன் மாமா."

"எம் பேரு சரியாவற வரைக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன். ரேகா, தோசைக்கு இன்னா சட்னி?"

"தக்காளி, நைனா."

ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே அவர் பாய் விரித்தாயிற்று.

ஸ்ரீஹரி இரண்டு பேரையும் உட்கார வைத்து, "அப்படி ஒரு ஆளே இல்ல, எல்லாம் கற்பனை," என்றான்.

"கற்பனையா?" என்றார் ஆதிகேசவன். "அப்ப ஏணி கற்பனையா? வரவன் போறவன் அத்த போட்டோ எடுத்துக்கினு போறான்!"

வேதாச்சலமும் எட்டிப் பார்த்தார். "ஏணி இருக்குது மாப்ள," என்றார்.

கடைசியில் ஸ்ரீஹரிக்கு ஒரு யோசனை வந்தது. நிஜமாகவே சுவருக்கு பெயின்ட் அடித்துவிட்டால்? வேலை நடந்தது உண்மை என்று ஆகிவிடும். அதையே வீடியோ எடுத்துப் போட்டால் ஓனர் மானம் திரும்பும்.

ஆதிகேசவன் யோசித்தார். "உன் செலவா?"

"என் செலவுதான் சார்."

"அப்ப காம்பவுண்டுக்கும் சேத்து. சந்தன கலரு. காலி பண்ண வேணாம், இரு."

வேதாச்சலமும் மனம் இளகி, சாயங்கால பஸ்ஸுக்குப் போவதாகச் சொன்னார். எல்லோர் முகத்திலும் களை வந்தது, ரேகாவைத் தவிர.

"பெயின்டர் எதுக்கு? நாமளே அடிச்சிக்கலாம்," என்றாள்.

"உனக்கு அடிக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

சிக்கனக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டான். அடுத்த சனிக்கிழமைக்குக் குறித்தும் வைத்தான். பிறகு தெருமுனை டீக்கடையில் விசாரித்து ஒரு பெயின்டரைப் பிடித்து வந்தான். பெயர் இஸ்மாயில். அமைதியான ஆள்.

ரேகா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். ஆதிகேசவன் சுவரைக் காட்டினார். வேதாச்சலம் பையோடு நின்றார். ஸ்ரீஹரி செல்போனைத் தூக்கி வீடியோவை ஆரம்பித்தான்.

இஸ்மாயில் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. ஏணியை ஒரு தட்டு தட்டி நிமிர்ந்தார்.

"ரேகாம்மா, உங்க நாத்தனாருக்கு போட்டோ புடிச்சு அனுப்பணும்னு என்கிட்ட இரவல் வாங்கினீங்களே, அந்த வேலை முடிஞ்சுதா? எடுத்துக்கட்டுமா, இல்ல, அவங்க திரும்ப வர்றாங்களா?"